நவுருவைத் தின்றது யார்?

கேள்வி: பசிபிக் கடலில் உள்ள நவுரு தீவு மக்கள், பறவை எச்சத்தால் வந்த பணத்தை வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்து தின்றே நாட்டை அழித்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் படித்தேன். இலவசத்தில் வாழ நினைப்பவர்களுக்கு இது நல்ல பாடம்தானே?
– வாசகர், கரூர்

பதில்: இல்லை. உங்களுக்கு வந்த கதையில் முதல் அறுபது வருடங்களைக் காணோம்.

நவுரு மொத்தமே 21 சதுர கிலோமீட்டர். அங்கிருந்து போன கல் ஒன்றை, சிட்னியில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். கல்லாகிப்போன மரத்துண்டு என்று நினைப்பு. ஆல்பர்ட் எல்லிஸ் என்பவர் அதைச் சோதித்துப் பார்த்தார். முதல்தரமான பாஸ்பேட்! நீங்கள் சொல்லும் பறவை எச்சப் பணம் இதிலிருந்து வந்ததுதான். நம் உரக்கடைகளில் சூப்பர் பாஸ்பேட் விற்கிறார்களே, அதற்கு மூலப்பொருள். 1907-ல் முதல் கப்பல் ஏறியது. நிலத்துக்காரருக்குக் கிடைத்தது டன்னுக்கு அரை பென்னி.

அப்போது தீவு ஜெர்மனியிடம் இருந்தது. முதல் உலகப்போருக்குப் பிறகு பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் கூட்டாக ஒரு கமிஷன் வைத்துத் தோண்டின. உலகச் சந்தை விலைக்கும் குறைவாகத் தங்கள் விவசாயிகளுக்குக் கொடுத்துக்கொண்டன. இலவசத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஏறக்குறைய இலவசமாக வாங்கித் தின்றது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

தோண்டிய நிலம் என்ன ஆனது? பாஸ்பேட், சுண்ணாம்புப் பாறைகளின் இடுக்குகளில் நிரம்பிக் கிடக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் ஆள் உயரத்துக்கும் மேலே கூர்கூராகப் பாறைகள் மட்டும் நிற்கும். வெயிலில் அனல் வீசும், கால் வைக்க இடமிருக்காது. நம் நெய்தல் நிலத்து மரங்களான தாழையும் புன்னையும் நின்ற மேடு அது. தாழம்பழம் அந்த மக்களுக்குச் சாப்பாடு. இன்று தீவில் ஐந்தில் நான்கு பங்கு இப்படித்தான் கிடக்கிறது.

நடுவில் இன்னொரு கொடுமை. 1943-ல் ஜப்பான் ராணுவம் நவுரு மக்கள் 1,200 பேரை, இன்றைய மைக்ரோனேசியாவில் உள்ள ட்ரக் தீவுக்கு நாடு கடத்தியது. பசியிலும் நோயிலும் செத்தவர்கள் போக, 1946 ஜனவரி 31 அன்று ஊர் திரும்பியவர்கள் 737 பேர். ஓர் இனம் பிழைத்திருக்கக் குறைந்தது 1,500 பேராவது வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தவர்கள் அவர்கள். 1932-ல் ஒருமுறை அந்த எண்ணிக்கையைத் தொட்டு, போரில் இழந்து, 1949-ல் மறுபடி தொட்டார்கள். 1932-ல் அந்த 1,500-வது ஆளாகக் குழந்தை பிறந்த அக்டோபர் 26-ஐ இன்றும் 'அங்காம்' திருநாளாகக் கொண்டாடுகிறார்கள். எனக்குத் தெரிந்து, தலையை எண்ணிப் பார்த்து வைத்த பண்டிகை வேறு எங்கும் இல்லை.

அறுபதுகளில், 'தீவுதான் வீணாகிவிட்டதே, குவீன்ஸ்லாந்து பக்கத்தில் கர்ட்டிஸ் தீவில் குடியேறுங்கள்' என்றது ஆஸ்திரேலியா. அங்கே தனி நாடாக இருக்க முடியாது, ஆஸ்திரேலியர்களாகிவிட வேண்டும். மாட்டோம் என்றார்கள். ஊர் திரும்பிய அதே ஜனவரி 31-ல், 1968-ல், பிறகு முதல் அதிபரான ஹாமர் டெரோபர்ட் தலைமையில் சுதந்திரம் வாங்கினார்கள். தங்கள் மண்ணிலிருந்த சுரங்கத்தைத் தங்கள் கைக்குக் கொண்டுவர 2 கோடியே 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் விலை கொடுத்தார்கள்.

சரி, அப்புறம் நடந்த தவறுகளை நான் மறைக்கவில்லை. மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம் கட்டி, 2004-ல் கடனுக்காக விற்றார்கள். லண்டனில் ஓர் இசைநாடகத்துக்குப் பணம் போட்டுத் தொலைத்தார்கள். வருங்காலச் சந்ததிக்கென்று சேர்த்த நிதி கரைந்தது. ஆட்சியில் இருந்தவர்களும் ஆலோசனை சொன்னவர்களும் பதில் சொல்ல வேண்டிய விஷயம் அது. மீன் பிடித்துத் தாழம்பழம் தின்று வாழ்ந்த ஒரு ஜனத்தையே சோம்பேறி என்பது அபாண்டம்.

1989-ல் நவுரு, ஆஸ்திரேலியாவை சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது. சுதந்திரத்துக்கு முன் தோண்டிய நிலத்துக்குப் பதில் சொல் என்றது. 1993-ல் 10 கோடியே 70 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு ஆஸ்திரேலியா சமாதானமாகப் போனது. பிரிட்டனும் நியூசிலாந்தும் ஆளுக்கு 1 கோடியே 20 லட்சம் பங்கு போட்டன. அந்தச் செய்தியை உங்களுக்கு அனுப்பியவருக்கு இதையும் அனுப்பிவையுங்கள்.