பழைய லேத், பழைய பைக்: பணம் கொடுப்பதற்கு முன் (கேள்வி-பதில்)

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டுக்குப் பத்து அடியில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. என்னுடைய பழைய புல்லட்டுக்கு வேண்டிய புஷ், ஸ்பேசர், ஆக்சில் போன்றவற்றை நானே கடைந்துகொள்ள ஒரு நாலரை அடி லேத் (கடைசல் இயந்திரம்) வாங்க எண்ணியிருக்கிறேன். பழைய இயந்திரங்கள் விற்கும் ஒருவர், புதிதாகப் பச்சை பெயின்ட் அடித்த லேத் ஒன்றைக் காட்டி, "எச்.எம்.டி. மாடல், ஓவராயில் (முழுதும் பிரித்துப் பழுதுநீக்கம்) செய்தது" என்று ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் கேட்கிறார். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: முதலில் அந்த "மாடல்" என்ற சொல்லைக் கவனியுங்கள். பழைய இயந்திரச் சந்தையில் "எச்.எம்.டி. மாடல்" என்றால், பெரும்பாலும் எச்.எம்.டி.யைப் பார்த்து வேறு யாரோ செய்தது என்றுதான் பொருள். இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் எனப்படும் எச்.எம்.டி. நிறுவனம் 1953இல் பெங்களூரில், சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு தொடங்கியது. அதன் பழைய லேத்துகளுக்கு இன்றும் மதிப்பு இருப்பதால்தான் அந்தப் பெயர் இப்படி அடைமொழியாகிவிட்டது. உள்ளூர்த் தயாரிப்பு என்பதற்காக ஒரு லேத்தை ஒதுக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரிலேயே பி.எஸ்.ஜி. போன்ற நல்ல லேத்துகள் உருவாகியிருக்கின்றன. ஆனால் எச்.எம்.டி.க்கு உரிய விலையை "எச்.எம்.டி. மாடலுக்கு" கொடுக்கக் கூடாது. எந்தத் தயாரிப்பு என்பதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் விடை அதிலேயே கிடைத்துவிடும்.

அடுத்தது பெட், அதாவது மற்ற பாகங்கள் உட்கார்ந்து நகரும் நீண்ட அடித்தளம். பெயின்ட் அடித்து மறைக்க முடியாத முக்கிய இடம் அது. லேத்தில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி பொருளைப் பிடித்துச் சுழற்றும் 'சக்'கை ஒட்டிய ஓர் அடிக்குள் நடப்பதால், பெட் அங்கேதான் தேயும். எதிர்முனையில் பொருளைத் தாங்கும் டெயில் ஸ்டாக் பக்கம் ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். பெட்டின் மேல் விளிம்பை நகத்தால் குறுக்காகத் தடவிப் பாருங்கள். தேய்ந்த பகுதிக்கும் தேயாத பகுதிக்கும் நடுவே ஒரு படி இருந்தால் நகம் அதில் தட்டும். பிறகு வெட்டும் கருவியைத் தாங்கி நகரும் சேடிலைச் சக்குக்கு அருகே கொண்டுவந்து, அதன் பூட்டுத் திருகை, சேடில் சற்றே இழுத்து நகரும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அப்படியே கைச்சக்கரத்தைச் சுற்றி டெயில் ஸ்டாக் வரை ஓட்டுங்கள். முப்பது, நாற்பது வருட லேத்தில் போகப்போகக் கொஞ்சம் கனப்பது இயல்பு. பாதி வழியில் சிக்கி நின்றுவிட்டால், பெட் தேய்ந்திருக்கிறது என்பதும், அதைச் சுரண்டியோ (ஸ்கிரேப்பிங்) அரைத்தோ (கிரைண்டிங்) சமன்படுத்தாமல் "ஓவராயில்" என்கிறார் என்பதும் தெரிந்துவிடும்.

இதற்காக மிரண்டு விலகிவிடவும் வேண்டாம். நீங்கள் கடையப்போகும் புஷ்ஷும் ஸ்பேசரும் நூறு மில்லிமீட்டருக்கு உட்பட்டவை. எனவே முப்பது மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு தண்டைக் கையோடு கொண்டுபோய், டெயில் ஸ்டாக் தாங்கல் இல்லாமல் சக்கில் பிடித்து, நூறு மில்லிமீட்டர் நீளத்துக்கு மெல்லிய கட் ஒன்று போடச் சொல்லி, இரு முனைகளையும் மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். வித்தியாசம் நூறில் இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால் உங்கள் வேலைக்கு அந்த லேத் போதும். சக்கைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் பேரிங்கைப் பார்க்க, சக்கின் மேல் டயல் கேஜை வைத்து, அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து நெம்ப வேண்டும். முள் நூறில் பத்து மில்லிமீட்டரைத் தாண்டினால் பேரிங் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

என் அனுபவத்தில், வாங்குபவர்கள் ஏமாறுவது இயந்திரத்தில் இருப்பதைப் பார்த்து அல்ல, இல்லாததைப் பார்க்காமல்தான். கியர் மூடியின் உட்புறம் மரை வெட்டும் அட்டவணை ஒன்று பதித்திருக்கும். அதிலுள்ள பல் எண்ணிக்கைகளைத் தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு கியரையும் கையில் எடுத்து எண்ணிச் சரிபாருங்கள். மரை வெட்டும்போது சேடிலை நகர்த்தும் நீண்ட திருகான லீட் ஸ்க்ரூ அங்குலக் கணக்கில் இருந்தால், மெட்ரிக் மரையைச் சரியாக வெட்ட 127 பல் கியர் தேவை. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அதை ஐந்தால் பெருக்கினால் 127 வருவதே காரணம். தொலைந்துபோவதும் பெரும்பாலும் அந்தப் பெரிய கியர்தான். உங்கள் பழைய புல்லட்டில் அங்குலத்துக்கு 26 சுற்று கொண்ட சைக்கிள் மரை போன்ற ஆங்கிலேய மரைகள் இருக்கும் என்பதால் அங்குல லீட் ஸ்க்ரூ உங்களுக்கு வசதியே. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் தம் யமஹாவைக் கொண்டுவரும் நாளில் அந்த 127ஐத் தேடுவீர்கள். நாலு ஜா சக், நீளத் தண்டைத் தாங்கும் ஸ்டெடி, பொருளைப் பூட்டும் ஃபேஸ் பிளேட் ஆகியவை உண்டா என்றும் கேளுங்கள். ஹரிஹரில் இயங்கிய மைசூர் கிர்லோஸ்கர் ஆலை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டதால், அந்தத் தயாரிப்புக்கு உதிரிபாகம் வேண்டுமானால் இன்னொரு பழைய லேத்தைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

பில் கட்டாயம். வியாபாரியிடம் சொந்த உபயோகத்துக்கு வாங்குபவர் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோரே. வணிக நோக்கத்துக்கு வாங்கினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்குபவருக்கு மட்டும் சட்டம் விலக்கு அளிக்கிறது. ஆகவே தயாரிப்பின் பெயர், பெட் நீளம், உடன் தரும் பொருள்களின் பட்டியல், "இயங்கும் நிலையில்" என்ற சொற்கள் ஆகிய நான்கும் பில்லில் இருக்கட்டும். ஏற்றி இறக்கும் கூலி யாருடையது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். தூக்கும் பெல்ட்டை லேத்தின் பெட்டில் மாட்டித் தூக்க வேண்டும். லீட் ஸ்க்ரூவில் மாட்டித் தூக்கி அதை வளைத்த பிறகு யார் பொறுப்பு என்று சண்டை போட்டுப் பயனில்லை.

கேள்வி: எனக்குக் கிடைத்த லேத்தில் 2 எச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டார் இருக்கிறது. வீட்டில் சிங்கிள் ஃபேஸ் இணைப்புதான். மோட்டாரை மாற்றிவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) வாங்கினால் போதும் என்கிறார் நண்பர். எது லாபம்?

பதில்: மோட்டார் நல்ல நிலையில் இருந்தால் நண்பர் சொல்வதே சரி. சிங்கிள் ஃபேஸை உள்ளே வாங்கி, 230 வோல்ட் த்ரீ ஃபேஸை வெளியே தரும் வி.எஃப்.டி. 3 எச்.பி. வரை எளிதில் கிடைக்கிறது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் அதோடு வந்துவிடும். ஆனால் அதை வாங்கும் முன் மோட்டாரின் பெயர்ப் பலகையைப் படியுங்கள். இந்த அளவு மோட்டார்களை வழக்கமாக 415 வோல்ட்டுக்கு, மூன்று காயில்களின் ஒரு முனைகளை ஒன்றாக முடியும் ஸ்டார் முறையில் இணைத்திருப்பார்கள். அதையே, முனைகளை முக்கோணமாகச் சேர்க்கும் டெல்டாவாக மாற்றினால்தான் 230 வோல்ட்டில் முழுத் திறனும் கிடைக்கும். டெர்மினல் பெட்டியைத் திறந்தால் ஆறு முனைகள் இருக்க வேண்டும். மூன்றே இருந்தால் ஸ்டார் முடிச்சு காயிலுக்குள் புதைந்திருக்கிறது. அதைப் பிரித்து வெளியே எடுத்துத் தரச் சொல்லி மோட்டார் காயில் கட்டுபவரிடம் கொடுங்கள், புதிய மோட்டார் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு செலவே. லேத்தில் பழைய முன்-பின் சுவிட்ச் இருந்தால், அதை வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் வைத்து இயக்கக் கூடாது; ஓட்டத்தில் ஒருமுறை திருப்பினாலே வி.எஃப்.டி. கருகிவிடக்கூடும். எர்த் இல்லாமல் மாட்டவே வேண்டாம். வெளியாருக்குக் கூலிக்குக் கடைந்து கொடுக்கத் தொடங்கினால் வீட்டு மின்கட்டண விகிதம் அதற்குப் பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: ஒரு பழைய புல்லட் 350 விலைக்கு வந்திருக்கிறது. இன்ஜின் ஓடவில்லை, ஆனால் எல்லாப் பாகமும் இருக்கின்றன. ஆர்.சி. புத்தகம் விற்பவருடைய காலஞ்சென்ற அப்பாவின் பெயரில் உள்ளது. "கையெழுத்துப் போட்ட ஃபார்ம் தருகிறேன், பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: ஓடாத இன்ஜினைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் வழியாகத் திருவொற்றியூரில் வேரூன்றிய வண்டி இது. 70 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 346 சி.சி. என்ற அடிப்படை பல பத்தாண்டுகள் மாறவில்லை. சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்காத பாகம் அரிது. சிலிண்டர் இதற்குமுன் எத்தனை முறை ஓவர்சைஸ் போர் ஆகியிருக்கிறது, அதாவது உள்விட்டம் பெரிதாகக் கடையப்பட்டிருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காகிதம்தான் கவலைக்குரியது. இறந்தவர், உரிமை மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30இல் கையெழுத்திட முடியாது. அவர் என்றோ வெற்றுத்தாளில் போட்டு வைத்த கையெழுத்தைப் பயன்படுத்துவது மோசடி. சரியான வழி, வாரிசு முதலில் ஃபார்ம் 31 மூலம் வண்டியைத் தம் பெயருக்கு மாற்றி, அதன் பின் உங்களுக்கு விற்பது. ஒரே வாரிசு என்று அவர் சொன்னாலும் வாரிசுச் சான்றிதழைப் பாருங்கள். அக்காவோ தம்பியோ இருந்தால் அவர்களுடைய சம்மதமும் எழுத்தில் வேண்டும். "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்பதன் ஆபத்து விற்பவருக்கும் உண்டு. விற்றுவிட்ட வண்டியானாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னால் அவரே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு உங்களோடு வருவார்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் வெள்ளைத்தாளும் பென்சிலும் எடுத்துப் போங்கள். வண்டியின் சட்டகத்திலும் (சேஸிஸ்) இன்ஜினின் கிராங்க் கேஸிலும் குத்தியிருக்கும் எண்களின் மேல் தாளை வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்துப் பிரதி எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத பலவற்றைத் தாள் காட்டிக்கொடுக்கும்: ஓர் எண் மட்டும் சாய்ந்திருப்பது, ஆழம் மாறுவது, எண்களுக்கு அடியில் கிரைண்டர் ஓடிய கீறல்கள். சந்தேகம் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எண்கள் ஆர்.சி.யோடு பொருந்தினால், மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணை இட்டு, கடன் குறிப்போ தடையோ உண்டா என்று பாருங்கள். மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் பழைய எண்கள் பல கணினியில் ஏறாமலே கிடக்கின்றன. அப்படியானால் வண்டியைப் பதிந்த அலுவலகத்தில் "பேக்லாக் என்ட்ரி" செய்தாக வேண்டும். அதையும் விற்பவரே முடித்துத் தர வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். தனி நபர் தம் வண்டியை விற்பது வணிகம் அல்ல என்பதால், பிறகு வில்லங்கம் வந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது; சிவில் வழக்கோ போலீஸ் புகாரோதான். வேலை முடியும்வரை முழுப் பணத்தைக் கொடுக்காமல் இருப்பதே உங்களுக்குள்ள பிடி.

கேள்வி: என் ஆர்.எக்ஸ். 100 சிலிண்டரை மதுரையில் ஒரு பட்டறையில் 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸுக்குப் போர் போட்டேன். அறுபது கிலோமீட்டரில் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துவிட்டது. "நீங்கள் ஆயில் சரியாக விடவில்லை" என்கிறார்கள். நஷ்டஈடு கேட்க முடியுமா?

பதில்: கேட்கலாம், ஆனால் பழி யாருடையது என்பதைப் பிஸ்டனே சொல்லட்டும். இன்ஜினை அதே பட்டறையில் பிரிக்கக் கொடுத்துவிடாதீர்கள். வேறிடத்தில், ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்தபடி பிரியுங்கள். பிஸ்டன் பாவாடையில் (ரிங்குகளுக்குக் கீழுள்ள பகுதி) நாலு மூலைகளில் மட்டும் உரசல் இருந்தால், சூட்டில் விரிய இடம் போதவில்லை, அதாவது கிளியரன்ஸ் குறைவு என்பதே முதல் சந்தேகம். சுற்றிலும் வறண்டு இழுபட்டிருந்தால் ஆயில் பக்கம் பார்க்க வேண்டும். பிரித்துப் பூட்டியபோது ஆயில் பம்புக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றாமல் விட்டிருக்கலாம். அதைப் பூட்டியது அந்தப் பட்டறையா, நீங்களா என்பதும் முக்கியம். சிலிண்டர் சுவரிலுள்ள போர்ட் துளைகளின் விளிம்புகளை மழுக்காமல் விட்டிருந்தால் ரிங் அதில் மாட்டி உடைந்திருக்கும். இன்னொரு நல்ல பட்டறையில் போர் கேஜ் வைத்து மூன்று உயரங்களில், இரு திசைகளில் அளக்கச் செய்து, அளவுகளை அவர்களுடைய லெட்டர் பேடில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்கும் இது ஒருமுறை நடந்தது. பிஸ்டனை வீட்டில் வைத்துவிட்டு சிலிண்டரை மட்டும் கொடுத்தேன். "ஸ்டாண்டர்டு அளவுதானே" என்று போர் போட்டுத் தந்தார்கள். பிஸ்டன் கிட்டைக் கையில் வாங்கி, அளந்து, அதற்கேற்பப் போர் போடுவதுதான் முறை என்று பின்னால்தான் கற்றேன். உங்களிடம் பிஸ்டனை வாங்கிக்கொள்ளாமல் போர் போட்டிருந்தால், அதையும் புகாரில் எழுதுங்கள்.

பழுதுபார்ப்பு ஒரு சேவை. குறைபாடுள்ள சேவைக்குப் பட்டறை பொறுப்பு. முதலில் தேதியிட்ட கடிதம் ஒன்றை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தால் சில சமயம் பேச்சிலேயே முடியும். முடியாவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் கட்டணம் இல்லை. சிலிண்டரையும் பிஸ்டனையும் எண்ணெய் தடவிப் பொதிந்து வையுங்கள். ஆணையம் அவற்றைப் பரிசோதனைக்கு அனுப்பக்கூடும்.

கேள்வி: 1972 ஜாவா ஒன்றை "விண்டேஜ்" என்று சொல்லி மூன்று மடங்கு விலை கேட்கிறார்கள். முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் மாட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்ட ஆசை.

பதில்: 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, ஐம்பது ஆண்டு கடந்து, அசல் வடிவத்திலேயே பேணப்பட்ட வண்டிதான் விண்டேஜ். பெரிய மாற்றம் செய்தது அதில் சேராது என்பதால் அந்த டிஸ்க் பிரேக்கே தடையாகலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், செல்லுபடி பத்து ஆண்டுகள். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கே சாலையில் எடுக்கலாம். ஞாயிறு உலாவுக்கு அது உதவாது. நீங்கள் கேட்க வேண்டியது, மைசூரின் ஐடியல் ஜாவா நிறுவனம் விற்றபோது கிடைத்த சாதாரணப் பதிவு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சான்றோடு (எஃப்.சி.) புதுப்பிக்கப்பட்டு இன்றும் உயிரோடு இருக்கிறதா என்பதுதான். இருந்தால், பழைய டிரம் பிரேக் ஹப்பைத் தேடி வாங்கும் செலவைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.