கோடையில் பாஸ் மீன் எங்கே போகிறது? – கடிதம்

வணக்கம் ஐயா,

இந்த வசந்தத்தில்தான் பாஸ் என்னும் நன்னீர் வேட்டை மீனைத் தூண்டிலில் பிடிக்கத் தொடங்கினேன். மே மாதத்தில் கரையோரமாக வீசிய இடமெல்லாம் கடித்தது. ஜூலையில் அதே ஏரி, அதே ரப்பர் புழு, ஒன்றுகூட அகப்படவில்லை. நண்பரோடு ஓர் ஆற்றுக்கும் போய்ப் பார்த்தேன், அங்கும் வெறுங்கைதான். பெரிய மீனெல்லாம் வசந்தத்தோடு சரி என்கிறார்கள். எந்தப் பருவத்துக்கு எந்த இரை என்று ஒரு பட்டியல் தர முடியுமா?

அன்புள்ள வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

பட்டியல் தரலாம். ஆனால் அடுத்த ஏரிக்குப் போனதுமே அது உதவாமல் போகும். புதிய இரை வாங்கும் முன் தண்ணீரில் போட்டுப் பார்க்க ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். தண்ணீர் எவ்வளவு சூடோ அவ்வளவுதான் பாஸின் உடம்புச் சூடும். அது எங்கே நிற்கும், எவ்வளவு தின்னும், இரையைத் துரத்துமா துரத்தாதா என்பதெல்லாம் பெரும்பாலும் அதைப் பொறுத்ததே.

மே மாதத்தில் உங்களுக்குச் சுலபமாகக் கிடைத்ததற்குக் காரணம் உண்டு. தண்ணீர் 15 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, பாஸில் ஒரு வகையான பெரியவாய் பாஸ் முட்டையிடக் கரையோரம் வருகிறது. ஆண் மீன் வாலால் அடித்து மண்ணை விலக்கி வட்டமாகக் குழி போடும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், அதன்பின் காவல் முழுக்க ஆணுடையது. அப்போது குழிக்குள் விழும் எதையும் அது கடிக்கும். பசியினால் அல்ல, முட்டையைக் காப்பாற்ற. நீங்கள் அதைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருக்கும் சில நிமிடங்களிலேயே ப்ளூகில் போன்ற சிறு மீன்கள் புகுந்து முட்டையைத் தின்றுவிடும். திரும்ப விட்டாலும் அது காப்பதற்கு மிச்சம் இல்லாமல் போகலாம். வட அமெரிக்காவின் வடபகுதிகளில் சில இடங்களில் இந்தக் காலத்தில் பாஸ் பிடிக்கவே தடை இருக்கிறது. தடை இல்லாத இடத்திலும் குழிமேல் நிற்கும் மீனை விட்டுவிடுங்கள். இதை நான் வேண்டுகோளாகவே வைக்கிறேன். முட்டையிடுவதற்குச் சில வாரங்கள் முன்பே, தண்ணீர் 10 டிகிரியைத் தாண்டியதும், பெண் மீன்கள் ஆழத்திலிருந்து கரைக்கு வரும் வழியில் நன்றாகத் தின்னும். வசந்தத்தில் நல்ல வேட்டை அதுதான்.

இனி உங்கள் ஜூலை. கோடையில் ஆழமான ஏரி இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். மேலே இலேசான சூட்டு நீர், கீழே கனத்த குளிர்நீர். இரண்டும் கலப்பதில்லை. செடியும் பாசியும் நிறைந்த ஏரியில், அடியில் மக்கும் பொருள்கள் கீழடுக்கின் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். ஆகவே வெயிலுக்குப் பயந்து மீன் அடிமட்டத்துக்குப் போயிருக்கும் என்று நினைத்து அங்கே வீசுவது வீண். இரண்டு அடுக்கும் சந்திக்கும் மட்டத்துக்கு மேலே, நீர்ச்செடிகளின் வெளி விளிம்பிலும், ஏரிக்குள் நீண்டு இறங்கும் மேடுகளிலும் தேடுங்கள். அதே ரப்பர் புழு போதும். தூண்டில் முள்ளின் நுனியைப் புழுவின் உடலுக்குள் மறைத்து, முன்னால் தோட்டா வடிவ ஈயம் கோத்து வீசுங்கள். இதைத்தான் டெக்சஸ் ரிக் என்கிறார்கள், செடியில் அவ்வளவாகச் சிக்காது. புழு இறங்கும்போது உங்கள் பார்வை தூண்டில் நரம்பின் மேலேயே இருக்கட்டும். பல நேரம் கையில் எதுவும் தெரியாது. நரம்பு சட்டென்று ஓர் ஓரமாக நகரும், அல்லது தரையைத் தொடும் முன்பே தொய்ந்துவிடும். அப்போது தொய்வைச் சுற்றி எடுத்துக்கொண்டு கோலைச் சட்டென்று சுண்டி இழுக்க வேண்டும்.

விடியற்காலையிலும் அந்தியிலும் அதே மீன்கள் கரைப்பக்கம் வரும். செடி மூடிய பரப்பில் ரப்பர் தவளையை இழுக்கலாம், பின்னல் நரம்போடு. மீன் பாய்ந்து தண்ணீர் வெடித்ததும் பதறி இழுத்துவிடாதீர்கள். தவளை உள்ளே போய், மீனின் கனம் கையில் தெரிந்த பிறகு இழுங்கள்.

பெரிய மீன் வசந்தத்தோடு சரி என்பதை நம்பாதீர்கள். பெரியவாய் பாஸின் உலகச் சாதனையை ஜார்ஜ் பெர்ரி ஜார்ஜியா மாநிலத்தில் 1932 ஜூன் 2 அன்று படைத்தார். 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது பத்து கிலோவுக்கு மேல். அதைச் சமன் செய்த மீனை மனாபு குரிதா ஜப்பானின் பிவா ஏரியில் 2009 ஜூலை 2 அன்று பிடித்தார். இரண்டுமே கோடைக்கால மீன்கள்தான்.

இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிர்ந்து அடுக்குகள் கலந்துவிடும். ஷாட் போன்ற சிறு மீன்கள் கூட்டமாக ஓடைகளுக்குள் ஏறும், பாஸும் பின்னாலேயே போகும். இழுத்தால் முக்கி ஓடும் மீன் வடிவ கிராங்க்பெய்ட், சுழலும் தகடு கொண்ட ஸ்பின்னர்பெய்ட் ஆகிய இரண்டு வேக இரைகளுக்கும் இது நல்ல நேரம். குளிர்காலம் இதற்கு நேர்மாறு. செரிமானம் மந்தமாகி மீன் அரிதாகவே தின்னும், எதையும் துரத்தாது. ஈயத் தலை கொண்ட முள்ளான ஜிக்கைத் தரையோடு மெல்ல நகர்த்துங்கள். நீரில் அந்தரத்தில் நிற்கும் மெலிந்த மீன் வடிவ இரையான ஜெர்க்பெய்ட் என்றால் இரண்டு சுண்டு சுண்டிவிட்டுப் பத்து வினாடியாவது அப்படியே விடுங்கள். கடி பெரும்பாலும் அந்த அசையாத நேரத்தில்தான் வரும்.

கலங்கல் நீரில் கண்ணைவிட அதிர்வை உணரும் பக்கக்கோடு பாஸுக்கு அதிகம் உதவுகிறது. அங்கே கறுப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த நிறமும் தண்ணீரை அதிரவைக்கும் தகடும் வேண்டும். தெளிந்த நீரில் மெல்லிய நரம்பு, சிறிய இரை, தூரத்திலிருந்து வீச்சு.

அப்புறம் அந்த ஆறு. ஓட்டம் நீரைக் கலக்கிக்கொண்டே இருப்பதால் நான் மேலே சொன்ன அடுக்குக் கணக்கு அங்கே செல்லாது. வட அமெரிக்க ஆறுகளில் கல்லும் ஓட்டமும் உள்ள பகுதி என்றால் பெரும்பாலும் சிறியவாய் பாஸ் என்னும் இன்னொரு வகைதான். அது ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்துப் பாறைக்குப் பின்னால், வேகநீரும் மந்தநீரும் உரசும் கோட்டில் நிற்கும். நீங்கள் ஓட்டத்தின் கீழ்ப்பக்கம் நின்று, ஓட்டம் வரும் திசையை நோக்கி வீசி, இரையை ஓட்டத்தோடு அதன் முகத்துக்கு நேரே வரவிடுங்கள். நண்டு வடிவ ரப்பர் இரையை முதலில் போட்டுப் பாருங்கள், கல்லடியில் வாழும் நன்னீர் கிரேஃபிஷ் அதன் முக்கிய உணவு.

அன்புடன்