வாசகர் கேள்வி பதில்: கிளிமஞ்சாரோவும் கொத்து ரொட்டியும்

கேள்வி: எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் ஆறு பேர், குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் அறக்கட்டளைக்காக வரும் ஆகஸ்டில் தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மலையில் ஏறப் போகிறோம். நிதி சேர்க்க மண்டபம் பிடித்து ஒரு பெரிய இரவு விருந்து வைக்கலாம் என்கிறார்கள் சிலர், சின்னச் சின்னதாகச் செய்யலாம் என்கிறார்கள் மற்றவர்கள். எது நல்லது?
- ஒரு வாசகி, ஹரோ, லண்டன்

பதில்: சின்னதாகவே செய்யுங்கள். விருந்து என்றால் வாடகை, சாப்பாடு, ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் முன்பணம் கட்ட வேண்டும், டிக்கெட் பாதிதான் விற்றது என்றால் நட்டம் உங்கள் ஆறு பேர் தலையில்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. "இவர்கள் ஆப்பிரிக்கா சுற்றிப் பார்க்க நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?" இதை யாரும் உங்கள் முகத்துக்கு நேரே கேட்க மாட்டார்கள், கார் நிறுத்துமிடத்தில் நின்று கேட்பார்கள். விமான டிக்கெட், தான்சானியாவின் பூங்காக் கட்டணம், காப்புறுதி, மலையில் உங்கள் சுமையைத் தூக்குபவர்களுக்குக் கொடுக்கும் டிப்ஸ் வரை எல்லாம் எங்கள் சொந்தக் காசு என்று முதல் நோட்டீஸிலேயே பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள். அப்படியில்லாமல் சேர்கிற நிதியிலிருந்துதான் பயணச் செலவு போகிறது என்றால் அதையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். நான் சொந்தக் காசு பக்கம்தான்.

சரி, நிகழ்ச்சிக்கு வருவோம். கிளிமஞ்சாரோவின் உயரம் 5,895 மீட்டர். ஒரு படி 17 செ.மீ. என்று வைத்தால் ஏறக்குறைய 35,000 படி. பள்ளிக் கட்டடத்தில் இரண்டு மாடி இருந்தால் போதும், 100 பேர் ஆளுக்கு 350 படி ஏறினால் அந்த உயரம் வந்துவிடும். பிள்ளைகள் ஏற, தாத்தா பாட்டிகள் படிக்கு இத்தனை பென்ஸ் என்று ஸ்பான்சர் செய்ய, வாசலில் ஒருவர் தகரத்தில் டக டக என்று கொத்து ரொட்டி போட்டால் அந்தச் சத்தமே கூட்டத்தை இழுத்துவிடும். முட்டை, கோதுமை எதில் இருக்கிறது என்று ஓர் அட்டையில் எழுதி வையுங்கள், ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் வருவார்கள். அப்புறம், படியில் யாரும் ஓட வேண்டாம்.

தெருவில் உண்டியல் குலுக்குவதாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அறக்கட்டளையிடமே கேளுங்கள், வழி சொல்வார்கள்.

கேள்வி: ஸ்பான்சர் தாளில் கிஃப்ட் எய்ட் (வரி கட்டுபவர் கொடுக்கும் நன்கொடைக்கு மேல் பிரிட்டன் அரசு அறக்கட்டளைக்குத் தரும் தொகை) கட்டத்தை எல்லோருக்கும் நாங்களே டிக் பண்ணிவிடலாமா?
- ஒரு வாசகர், பர்மிங்காம்

பதில்: கூடாது! கொடுப்பவர் இங்கே வரி கட்டுபவராக இருக்க வேண்டும், அவரே சம்மதித்து முழுப் பெயரும் வீட்டு விலாசமும் தர வேண்டும். கடை விலாசம் செல்லாது. ஒழுங்காக நிரப்பினால் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து அறக்கட்டளைக்குப் போகும், 10 பவுண்ட் 12.50 ஆகும். கொத்து ரொட்டி வாங்கிய காசுக்கு இது கிடையாது, அவர் அங்கே நன்கொடை கொடுக்கவில்லை, சாப்பாடு வாங்கினார். நிதியிலிருந்தே ஒருவருடைய பயணச் செலவு போனால், அவரும் அவர் குடும்பத்தாரும் கொடுப்பதற்கும் கிஃப்ட் எய்ட் கேட்க முடியாது. மேலே சொந்தக் காசு என்று நான் அடம்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: அதிர்ஷ்டக் குலுக்கலுக்கு லைசென்ஸ் வேண்டுமா?
- ஒரு வாசகி, ஈஸ்ட் ஹாம்

பதில்: நிகழ்ச்சி நடக்கிற இடத்தில், நடக்கிற நேரத்தில் மட்டும் சீட்டு விற்றால் வேண்டாம். இரண்டு வாரம் முன்னாலிருந்தே ஊரெல்லாம் விற்பதாக இருந்தால் சங்கத்தையோ அறக்கட்டளையையோ உள்ளூர் கவுன்சிலில் பதிய வேண்டிவரும். பரிசைக் காசு கொடுத்து வாங்காதீர்கள், நகைக்கடையிலும் மளிகைக்கடையிலும் கேளுங்கள், ஒரு மூட்டை அரிசிக்கு இருக்கும் மவுசு உங்களுக்கே தெரியும்.