தோற்றவர்கள் போட்ட பாதை

அன்புள்ள ஐயா,

ஓய்வுபெற்ற ரயில் டிரைவரான என் அப்பாவுடன் உட்கார்ந்து, 1952-இல் வந்த ‘டென்வர் அண்ட் ரியோ கிராண்ட்’ படம் பார்த்தேன். கையில் காசில்லாத ஒரு ரயில் கம்பெனி, கொலைக்கும் அஞ்சாத போட்டிக் கம்பெனியை மீறி மலைக்குள் பாதை போடும் கதை. நல்லவர்கள் ஜெயித்ததில் மனம் நிறைந்தது. இரண்டு இஞ்சின்கள் நேருக்கு நேர் மோதும் இடத்தில் மட்டும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த மோதல் நிஜமாக நடந்ததா? நம் ஊரில் ஏன் இப்படிப் படங்கள் வருவதில்லை?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வரலாற்றில் அந்த மோதல் கிடையாது. ஆனால் மோதியவை பொம்மைகள் அல்ல. கொலராடோவில் டுராங்கோ பக்கத்தில், உடைப்புக்குப் போகவிருந்த இரண்டு நிஜ நீராவி இஞ்சின்களில் வெடிமருந்து வைத்து மோதவிட்டுப் படமெடுத்தார்கள். பாய்லரோடு வாழ்ந்த மனிதர் அதை எப்படிப் பார்ப்பார்? அவர் முகம் திரும்பியதை நீங்கள் கவனித்தீர்களே, அதற்காகவே உங்களைப் பிடித்துப்போனது. நம் ஊர்ப் படங்களைப் பற்றிய கேள்வியை விடுங்கள்.

ஆனால் ‘நல்லவர்கள் ஜெயித்ததில்’ என்று எப்படி எழுத மனம் வந்தது? போட்டிக் கம்பெனியின் வில்லனாக வரும் ஸ்டெர்லிங் ஹேடன் முறைத்துப் பார்த்தால் ஒரு கம்பெனியே அயோக்கியக் கம்பெனி ஆகிவிடுமா?

நடந்ததைச் சொல்கிறேன். படத்தில் ஜெயிக்கும் ரியோ கிராண்ட், ஜெனரல் பால்மரின் கம்பெனி; மூன்றடி அகலச் சிறுபாதை. தெற்கே மெக்சிகோ வரை போகும் கனவோடு கிளம்பியது. 1878 பிப்ரவரியில் தெற்கே போகும் வழியான ராட்டன் கணவாயை, போட்டிக் கம்பெனியான சான்டா ஃபே முந்திக்கொண்டு பிடித்தது. அதே வருஷம் கொலராடோவின் லெட்வில் ஊர் வெள்ளிச் சுரங்கங்களுக்காக இருவரும் ராயல் கார்ஜ் பள்ளத்தாக்கில் மல்லுக்கட்டினார்கள். அங்கே ஒரு இடத்தில் பாறைகளுக்கு நடுவே இடைவெளி முப்பதடிதான். அதிலும் ஆறு ஓடுகிறது. இரண்டு பாதைக்கு இடமே இல்லை. ரியோ கிராண்ட் ஆட்கள் கல்லை அடுக்கிக் கோட்டை கட்டினார்கள். சான்டா ஃபே துப்பாக்கிக்காரர்களைக் கூலிக்கு வைத்தது. சரி, இதில் யார் நல்லவர்? கடன் கழுத்தை நெரிக்க, பால்மர் தன் ரயிலையே எதிராளிக்குக் குத்தகைக்கு விட நேர்ந்தது. கடைசியில் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது; முன்னுரிமை பால்மருக்கு என்று 1879-இல் தீர்ப்பு. அடுத்த வருஷம் பாஸ்டனில் ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தத்தைப் படம் சொல்லவே இல்லை. எனக்கு அதுதான் கதை. சான்டா ஃபே அதற்குள் பள்ளத்தாக்கில் போட்டு முடித்திருந்த பாதையை ரியோ கிராண்ட் 18 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டது. அந்த முப்பதடி இடுக்கில், இருபுறப் பாறையிலும் உத்தரங்களை முட்டுக்கொடுத்து, ஆற்றுக்கு மேலே தொங்கவிட்ட பாலம் இருக்கிறதே, அதைக் கட்டியவர்களும் சான்டா ஃபே ஆட்கள்தான். நீங்கள் கைதட்டிய கம்பெனி, நீங்கள் வெறுத்த கம்பெனியின் கூலிகள் போட்ட தண்டவாளத்தில்தான் 1880-இல் லெட்வில் போய்ச் சேர்ந்தது. அந்தப் பாலத்தில் இன்றும் சுற்றுலா ரயில் ஓடுகிறது.

வெடி வைத்தவன், பாறையில் கயிற்றில் தொங்கியவன், கட்டை சுமந்தவன், இவர்களுக்குக் கம்பெனி மாறினால் என்ன, கொடி மாறினால் என்ன? என் தாய்மாமா மீட்டர் கேஜ் பாதையில் கீமேன். தோளில் சுத்தியலோடு தினமும் தன் எல்லைக்கு நடந்து, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் ஆப்புகளில், அதாவது சாவிகளில், தளர்ந்ததை அடித்து இறுக்கிவிட்டு வருவார். தட்டும்போது வரும் சத்தத்திலேயே எது இளகியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவர் கையைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ரயில் கதையில் முதலாளிகளையும் துப்பாக்கிகளையும் மட்டும் காட்டினால் பொறுக்கவில்லை. ஒரு டிரைவரின் பிள்ளை அதைப் பார்த்து மனம் நிறைந்தது என்று எழுதினால் இன்னும் பொறுக்கவில்லை. உங்கள் அப்பா ஓட்டிய ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் எவனோ ஒருவன் நடந்துபோயிருக்கிறான், ஆர்.

படத்தைப் பற்றி அவரிடம் எதுவும் கேட்க வேண்டாம். அவருடைய செக்‌ஷனில் பாதையைப் பராமரித்த கேங்மேன்களின் பெயர்களைக் கேளுங்கள். சொல்வார். எழுதி அனுப்புங்கள்.