லாடம் நிற்காத குளம்பு: தொட்டியையும் தரையையும் பாருங்கள்

கேள்வி: எங்களிடம் ஏழு வயதுப் பெண் குதிரை இருக்கிறது. மார்வாரிக் கலப்பு, சுமார் 350 கிலோ. கோயில் கொடைக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் அழைப்பார்கள். ஆறு மாதமாகக் குளம்பின் ஓரம் அப்பளம் போல உதிர்கிறது. லாடம் இருபது நாள்கூட நிற்பதில்லை. சரளையில் கால் வைக்கவே தயங்குகிறது. தினமும் ஆற்றில் குளிப்பாட்டி வேப்பெண்ணெய் தடவுகிறோம். தவிடு, கொள்ளு, வைக்கோல் எதற்கும் குறைவில்லை. என்ன டானிக் கொடுக்கலாம்? (அம்பாசமுத்திரம் பக்கத்து வாசகர்)

டானிக்குக்குக் கடைசியில் வருகிறேன் அண்ணாச்சி. அதற்கு முன்னால் கையால் செய்து பார்க்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

குதிரை நிழலில் ஓய்வாக நிற்கும்போது முன்னங்காலின் குளம்பை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். பிறகு குளம்புக்கு மேலே உள்ள முதல் பெரிய மூட்டின் பின்புறம், இரண்டு ஓரங்களிலும் விரலை லேசாக அழுத்துங்கள். நல்ல குதிரையில் அங்கே நாடி கிடைக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருக்கும். விரலை எத்தித் தள்ளுகிற மாதிரி அடித்தாலோ, குளம்பு சுட்டாலோ, குதிரை முன்கால்களை நீட்டி உடம்பைப் பின்னால் சாய்த்து நின்றாலோ மேற்கொண்டு படிக்காமல் மருத்துவரை அழையுங்கள். அது பெரும்பாலும் லேமினைட்டிஸ். குளம்புச் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைக்கிற மெல்லிய அடுக்குகள் வீங்கிக் கழன்றுவருகிற நோய். ஒரு நாள் தாமதமும் அதில் விலை அதிகம். கொடை முடிந்த மறுநாள் இப்படி நிற்கிற குதிரைகளைப் பார்த்திருக்கிறேன். பக்தியோடு ஆளுக்கொரு கை பொங்கலும் கருப்பட்டியும் ஊட்டியிருப்பார்கள். மாவுச்சத்தும் சர்க்கரையும் ஒரேயடியாக வயிற்றுக்குள் போனால் குதிரைக்கு அடி விழுவது காலில்தான்.

ஒரே காலில் மட்டும் திடீர் நொண்டல் என்றால் முதல் சந்தேகம் சீமைக் கருவேல முள், அடுத்தது ஆணி. குத்தி நிற்கும் ஆணியை நீங்களே பிடுங்காதீர்கள். பிடுங்கினால் துளை மூடிக்கொள்ளும், எவ்வளவு ஆழம் போனது என்று பிறகு தெரியாது. அது இன்னும் ஏறாதபடி காலைக் காத்துக்கொண்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை நாளாயிற்று என்பதையும் சொல்லுங்கள். வீட்டு விலங்குகளில் டெட்டனஸுக்கு மிக எளிதாகப் பலியாவது குதிரை.

இந்த இரண்டும் இல்லையென்றால், நீங்கள் எழுதியதை வைத்து எனக்குத் தெரிவது நைந்துபோன குளம்புச் சுவரும் மெலிந்துபோன அடிப்பாகமும். கட்டைவிரலால் குளம்பின் அடியை அழுத்தினால் லேசாக உள்வாங்குகிறதா? அப்படியானால் சரளையில் அது தயங்குவது முரண்டு அல்ல, வலி.

காரணங்களில் முதலில் உங்கள் ஆற்றுக் குளியலைத்தான் குறை சொல்வேன். தாமிரபரணித் தண்ணீர் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. குளம்புச் சுவர் நம் நகம் போன்ற பொருள். அரை மணி நேரம் துணி துவைத்த பிறகு நகம் எப்படி வளைகிறது, காய்ந்ததும் எப்படி நுனியில் பிளக்கிறது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். காலையில் ஊறி, பத்து மணிக்குத் தார்ச் சாலையில் காய்ந்து, மாலையில் தண்ணீர் அடித்துக் கழுவிய சிமெண்ட் தரையில் மறுபடி ஊறுகிற குளம்பு ஆணியைப் பிடித்து நிற்குமா? தொடர்ந்து உலர்ந்திருக்கும் குளம்பைவிட ஊறிக் காய்ந்து ஊறுகிற குளம்புதான் சீக்கிரம் உதிர்கிறது. குளியலை வாரத்துக்கு ஒன்றாகக் குறையுங்கள். மற்ற நாளில் தேய்ப்பு போதும். கொட்டிலில் ஒரு சாண் உயரத்துக்கு உலர்ந்த மரத்தூளோ தென்னைநார்க் கழிவோ பரப்பி, மூத்திரம் பட்ட இடத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இது இரட்டிப்பு வேலை, வேறு வழியில்லை.

வேப்பெண்ணெய் குளம்பை வளர்க்காது. சுவர் உயிரற்ற பொருள், மேலே பூசுவது உள்ளே போய்ச் சத்தாகாது. ஊறிய குளம்பில் பூசினால் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். கழிவு ஆயில் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சொல்ல என்னிடம் மரியாதையான வார்த்தை இல்லை.

தினமும் காலைத் தூக்கி, குதிகாலிலிருந்து நுனியை நோக்கிக் கொக்கியால் சாணியையும் கல்லையும் எடுங்கள். அடிப்புறம் நடுவில் ரப்பர் போல முக்கோணமாக ஒரு பகுதி இருக்கும். அதன் பள்ளங்களில் கறுப்பாகக் கசிந்து, அழுகிய நாற்றம் வந்தால் சேற்றுக் கிருமி புகுந்துவிட்டது. துடைத்து உலர்த்தி, போவிடோன் அயோடினில் நனைத்த பஞ்சை வையுங்கள். மயில்துத்தப் பொடியை அள்ளி அப்புவது பழைய கை வைத்தியம். சதை தெரிகிற இடத்தில் பட்டால் வெந்துவிடும்.

அடுத்தது தொட்டி. தவிட்டில் சுண்ணாம்புச் சத்து ஒரு பங்கென்றால் பாஸ்பரஸ் பத்துப் பங்குக்கும் மேல். குதிரைக்கு இது தலைகீழாக இருக்க வேண்டும், பாஸ்பரஸைவிடச் சுண்ணாம்புச் சத்து கூடுதலாக. பிசானப் பருவ நெல் அறுவடை வைக்கோல் நமக்குச் சும்மா கிடைப்பதுபோல் இருந்தாலும் அதிலுள்ள ஆக்சலேட் இருக்கிற கொஞ்சம் சுண்ணாம்புச் சத்தையும் பிடித்துக்கொள்ளும், புரதமும் சொற்பம். கொள்ளு நல்ல தீனிதான், புரதம் நிறைய. ஆனால் குளம்புக்கு வேண்டிய மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் பயறு வகைகளில் குறைவு. ஆகவே தொட்டி நிறைந்திருக்கிறது, குளம்பு பட்டினி கிடக்கிறது.

இந்த மண்ணில் குதிரைக்கும் தீனிக்கும் உள்ள தகராறு பழையது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல்வழி வந்திறங்கிய குதிரைகளுக்கு இங்கே சோற்றோடு வெந்த இறைச்சி கொடுக்கிறார்கள், குதிரை வைத்தியம் அறிந்தவர்களை வணிகர்கள் வரவிடுவதில்லை, செத்தால்தானே அடுத்த ஆண்டு விற்க முடியும் என்று எழுதிவைத்தார். வெளியூர்க்காரர் பேச்சு, கொஞ்சம் தள்ளுபடி உண்டு.

தவிட்டை ஒரு கைப்பிடியாகக் குறையுங்கள். வைக்கோலில் பாதியையாவது நல்ல உலர்புல்லாக மாற்றுங்கள். கூடவே குதிரைமசால் இரண்டு மூன்று கிலோ பச்சையாக, பத்து நாளில் படிப்படியாக ஏற்றிக் கொடுங்கள். பெயரிலேயே குதிரை இருக்கிறது, நாம் அதைக் கறவை மாட்டுக்கும் ஆட்டுக்கும் வெட்டிப் போடுகிறோம். ஊறவைத்த கொள்ளு ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம், உப்புக்கட்டி எப்போதும் எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். கோழித் தீவனம் சத்தானது என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதில் சேர்க்கிற மோனென்சின், சாலினோமைசின் மருந்துகள் குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

லாடம். நம் பக்கம் லாடம் அடிப்பவர்களில் பெரும்பாலோர் மாட்டுக்கு அடித்துப் பழகியவர்கள். மாட்டுக் குளம்பு பிளந்தது, லாடமும் இரண்டு துண்டு. குதிரைக்கு ஒரே வளையம், ஆணி இறங்கும் இடமும் கோணமும் வேறு. ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, நீண்ட நுனியை அரத்தால் குறைக்கச் சொல்லுங்கள். நுனி நீண்டால் ஒவ்வோர் அடியிலும் சுவரை அது நெம்பும், விரல் நகத்தின் நுனியைப் பிடித்து மேலே தூக்குவது போல. ஆனால் அடிப்பாகத்தை வெள்ளை தெரியக் கத்தியால் சுரண்டவோ, அழகுக்காக வெளிச்சுவரை மேலிருந்து கீழ்வரை அரத்தால் இழைக்கவோ விடாதீர்கள். இருக்கிற கவசத்தைக் காசு கொடுத்துக் கழற்றுவது அது. கிழிந்த ஆணித் துளைகள் வளர்ந்து இறங்கும் வரை, கொட்டிலில் லாடமில்லாமல் மெத்தென்ற தரையில் நிற்கட்டும். வெளியே போனால் குளம்புக்கு மாட்டும் ரப்பர் காலணி.

இப்போது டானிக். பயோட்டின் என்ற வைட்டமின் மட்டும்தான் நான் எழுதிக் கொடுப்பது. 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், உங்கள் குதிரைக்கு 15 போதும். துத்தநாகமும் மெத்தியோனினும் கலந்தது கிடைத்தால் நல்லது. செலினியம் என்ற தாது உள்ள இரண்டு கலவைகளைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள், அது மிஞ்சினாலே குளம்பு வெடிக்கும். குளம்பு மாதம் 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளரும். இன்று தரையைத் தொடும் நுனி ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்னால் மேல்விளிம்பில் உருவானது. பயோட்டினை இருபது நாள் கொடுத்துவிட்டுப் பலனில்லை என்று நிறுத்துகிறவர்களே அதிகம், குறைந்தது ஆறு மாதம் வேண்டும்.

இன்றே ரோமம் முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே, சுவரில் அரத்தால் நூலளவு ஒரு கீறல் போட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். கீறலுக்கு மேலே வருவது புதுத் தீனியில் வளர்ந்த குளம்பு. மூன்று மாதம் கழித்தும் அது வழவழப்பாக இல்லாமல் மோதிரம் மோதிரமாக மடிந்து வந்தால், அல்லது வலி அப்படியே இருந்தால், திருநெல்வேலி பக்கத்து ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போய் எக்ஸ்ரே எடுக்கலாமா என்று கேளுங்கள். அதுவரை கல்யாண ஊர்வலத்துக்கு முன்பணம் வாங்காதீர்கள்.