வாசகர் கேள்வி–பதில்: திரையில் ஓடும் டின்டின், புத்தகத்தில் காத்திருக்கும் டின்டின்

கேள்வி: ஒன்பது வயதாகும் என் மகன் டின்டின் அனிமேஷன் படத்தை நான்கு முறை பார்த்துவிட்டான். அந்த ஆர்வத்தை நம்பிப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்தேன். பத்து நிமிடம் புரட்டிவிட்டு, "தெரிந்த கதைதானே அம்மா" என்று வைத்துவிட்டான். அவனை எப்படிப் படிக்க வைப்பது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அவனுக்குத் தெரிந்தது பாதிக் கதைதான் என்பதை முதலில் அவனிடம் சொல்லுங்கள். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 2011-இல் இயக்கிய அந்தப் படம், இளம் செய்தியாளன் டின்டினை நாயகனாக்கிப் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஓவியர் ஹெர்ஜே எழுதி வரைந்த மூன்று சித்திரக்கதைப் புத்தகங்களிலிருந்து நிகழ்ச்சிகளை எடுத்து ஒன்றாகப் பின்னியது. படத்தில் கொடியவனாக வரும் சக்கரின், ‘தி சீக்ரெட் ஆஃப் தி யுனிகார்ன்’ புத்தகத்தில் மாதிரிக் கப்பல்களைச் சேகரிக்கும் ஒருவர் மட்டுமே. குற்றத்துக்கும் அவருக்கும் தொடர்பே இல்லை. அப்படியென்றால் டின்டினின் மாதிரிக் கப்பலைத் திருடியது யார் என்று மகனிடம் கேட்டுவிட்டு, விடையைச் சொல்லாமல் விட்டுவிடுங்கள். நான்கு முறை படம் பார்த்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி நிச்சயம் உறுத்தும்.

அடுத்ததாக, டின்டினின் நண்பரான கேப்டன் ஹாடக் தன் முன்னோரின் கடற்போரை விவரிக்கும் இடத்தைத் திரையிலும் தாளிலும் அடுத்தடுத்துக் காட்டுங்கள். படத்தில் அவர் பாலைவனத்தில் நடந்தபடி அதை நினைவுகூர்கிறார். மணல்மேடுகளே அலைகளாகப் புரண்டு எழ, அவற்றின் மீது கப்பல் ஏறி வரும் காட்சியை நான் இன்றும் வியந்துதான் பார்க்கிறேன். புத்தகத்திலோ அவர் தம் வீட்டு அறையில் முன்னோரின் வாளை வீசி நடித்துக் காட்டுகிறார். ஒரு படக்கட்டத்தில் அறை, அடுத்த படக்கட்டத்தில் கப்பல் தளம் என்று மாறி மாறி வர, இரண்டையும் இணைக்கும் வேலை படிக்கும் குழந்தையினுடையதாகிறது. வேண்டுமென்றால் அது ஒரு பக்கம் பின்னால் போய்ச் சரிபார்த்துவிட்டு வரலாம்; நெஞ்சு படபடக்கும் இடத்தில் சற்று நின்றுகொள்ளவும் செய்யலாம். படத்தில் பாகார் நகரத் தெருக்களில் நடக்கும் துரத்தல், வெட்டே இல்லாத ஒரே காட்சிபோல இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஓடுகிறது. அங்கே நிற்பதற்கு யாருக்கும் இடமில்லை. இரண்டும் இன்பம்தான் என்றாலும், வேகத்தைத் தானே தீர்மானிக்கும் இன்பத்தை உங்கள் மகன் இன்னும் அறியவில்லை என்று நினைக்கிறேன்.

ஒரே மூச்சில் படித்து முடிக்கச் சொல்லாதீர்கள். அந்தக் கதை 1942-இல், ஜெர்மானியரின் ஆக்கிரமிப்பில் இருந்த பிரஸ்ஸல்ஸில், நாளிதழ் ஒன்றில் நாள்தோறும் ஒரு வரிசைப் படங்களாக வெளிவந்தது. அதனால்தான் சில படங்களுக்கு ஒருமுறை ‘அடுத்தது என்ன’ என்ற கொக்கி விழுந்துகொண்டே இருக்கிறது. இரவுக்கு நான்கு பக்கம் போதும். ஆங்கில வசனங்களை நீங்களே தமிழில் சொல்லிக்கொண்டு போங்கள். ஹாடக்கின் வசவுகளுக்கு நம் ஊர்ச் சொற்களைத் தேடுவதில் உங்களுக்கே உற்சாகம் வந்துவிடும்.

கேள்வி: ஏழு வயதுப் பேத்திக்குச் சாகசக் கதை மிகவும் பிடிக்கிறது, ஆனால் துப்பாக்கி ஏந்திய ஆட்கள் வந்தால் இரவில் தூங்க மறுக்கிறாள். வில்லனே இல்லாத சாகசக் கதை உண்டா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: உண்டு. ஹெர்ஜேயின் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். 1960-இல் நூலாக வந்த ‘டின்டின் இன் திபெத்’ கதையில் பிடிக்க வேண்டிய திருடனும் இல்லை, தேட வேண்டிய புதையலும் இல்லை. இமயமலையில் விழுந்து நொறுங்கிய விமானத்தில் தன் நண்பன் சாங் இருந்தான் என்று அறியும் டின்டின், எல்லோரும் அவன் இறந்துவிட்டதாகச் சொல்லும்போதும் நம்ப மறுத்து, டெல்லி, காத்மாண்டு வழியாகப் பனிமலைக்குப் புறப்படுகிறான். எதிரிகள் என்றால் குளிரும் உயரமும் நம்பிக்கையிழப்பும்தான். ஊரே அஞ்சும் எட்டி என்னும் பனிமனிதனே சாங்குக்கு உணவு கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறது என்பது பின்னர் தெரிய வருகிறது. வெள்ளை வெளேரென்ற கெட்ட கனவுகளால் ஹெர்ஜே மனம் நொந்திருந்த காலம் அது; வேலையை நிறுத்துமாறு மனநல மருத்துவர் அறிவுரை கூறியும் அவர் வரைந்து முடித்தார்.

ஓரிடத்தில் மட்டும் பேத்தியின் அருகில் இருங்கள். செங்குத்தான பாறையில் கயிற்றில் தொங்கும் ஹாடக், டின்டினைக் காப்பாற்றுவதற்காகத் தன் கயிற்றைத் தானே அறுக்கத் துணிகிறார். இருவரும் பிழைத்துக்கொள்வார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; அதனால் கதையின் சுவை குறையாது.

கேள்வி: டின்டினின் பழைய கதை ஒன்றில் ஆப்பிரிக்க மக்கள் இழிவாகக் காட்டப்பட்டிருப்பதாக அறிந்தேன். பள்ளி நூலகத்தில் வைக்கலாமா?
– ஒரு நூலகர், கோவை

பதில்: நீங்கள் குறிப்பிடுவது 1931-இல் நூலான காங்கோ கதை. காங்கோ அப்போது பெல்ஜியத்தின் காலனி. ஆள்பவர்களின் கண்ணால்தான் அந்த மக்கள் அதில் வரையப்பட்டிருக்கிறார்கள். அதைச் சிறுவர்களின் அலமாரியில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். மற்ற நூல்களை அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. 1934-இல் பிரஸ்ஸல்ஸில் சிற்பம் பயின்றுகொண்டிருந்த சாங் சோங்ரென் என்னும் சீன மாணவரைச் சந்தித்த பிறகு ஹெர்ஜே வேறு மாதிரி வேலை செய்யத் தொடங்கினார். ‘தி ப்ளூ லோட்டஸ்’ கதையின் தெருப் பலகைகளில் உள்ள சீன எழுத்துகள் அந்த மாணவர் எழுதியவை. திபெத் கதையில் தேடப்படும் சாங் முதன்முதலில் தோன்றுவதும் அந்தக் கதையில்தான். அதில் ஆற்றில் மூழ்கவிருந்த அவனை டின்டின் காப்பாற்றியபின், தங்கள் நாட்டார் மற்றவரைப் பற்றி நம்பும் பொய்களை இருவரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். உங்கள் மாணவர்களுக்கு அந்தப் பக்கத்திலிருந்து படித்துக் காட்டத் தொடங்கலாம்.