நிறம் ஏறினால் போதுமா? சாயச் சூரிய மின்கலம்: கேள்வி பதில்

கே: டைட்டானியம் டை ஆக்சைடு படலம் செம்பருத்திச் சாற்றில் ஊதாவாகிறது. கீரைச் சாற்றில் ஊறினாலும் வெளிறியே இருக்கிறதே, ஏன் சார்?

ப: இந்த மின்கலத்தில் சாயம் ஒளியை வாங்கி, எலக்ட்ரானைப் படலத்துக்குக் கொடுக்கும். ஒளியை வாங்க நிறம் போதும். எலக்ட்ரானைக் கைமாற்ற மூலக்கூறு பரப்பைப் பிடித்திருக்க வேண்டும். செம்பருத்தியின் ஆந்தோசயனினில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஹைட்ராக்சில்கள் டைட்டானியத்தைக் கவ்விக்கொள்ளும். பச்சையத்தின் கார்பாக்சில்கள் எஸ்டராக அடைபட்டிருப்பதால் அதற்குக் கையே இல்லை. எத்தனாலில் ஒரு முறை அலசினாலே போய்விடும்.

கே: என்719 என்ற ருத்தேனியம் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கிறது. எங்கே தவறு?

ப: பெரும்பாலும் ஈரம்தான். படலத்தை 450 டிகிரியில் 30 நிமிடம் சுட்டு, 80 டிகிரிக்கு ஆறியதும் சூட்டோடு சாயத்தில் போடுங்கள். முழுக்க ஆறவிட்டால் சாயம் உட்கார வேண்டிய இடத்தில் காற்றின் நீர் உட்கார்ந்துவிடும். அசிட்டோநைட்ரைலும் டெர்ட் பியூட்டனாலும் சம அளவில் கலந்த 10 மில்லிக்குச் சாயம் 3.6 மில்லிகிராம், அதாவது 0.3 மில்லிமோலார். இருட்டில் 16 முதல் 20 மணி நேரம் ஊறட்டும். பிறகு அசிட்டோநைட்ரைலில் அலசுவதை விடாதீர்கள். மேலே ஒட்டாமல் அடுக்கிக் கிடக்கும் சாயம் ஒளியை விழுங்குமே தவிர மின்னோட்டம் தராது.

கே: உள்ளே போன எலக்ட்ரான் திரும்பி வராதா?

ப: வரும். யார் முந்துகிறார் என்பதே கணக்கு. கிளர்ந்த சாயம் சில பத்து நானோவினாடி தாங்கும். எலக்ட்ரானோ ஃபெம்டோவினாடி முதல் சில பத்து பிகோவினாடிக்குள் தாவிவிடும். சாயம் இழந்ததை மின்பகுளியில் (மின்கலத்தை நிரப்பும் கரைசல்) இருக்கும் அயோடைடு சில மைக்ரோவினாடியில் நிரப்பிவிடுவதால், சாயத்துக்கே திரும்புவது அவ்வளவாக நடக்காது. ஆனால் படலத்தில் இருக்கும் எலக்ட்ரானை அதே கரைசலின் ட்ரைஅயோடைடு பறிக்கும். அதுதான் உண்மையான ஓட்டை. படலத்துக்கான டைட்டானியம் டை ஆக்சைடு பசையைப் பூசும் முன், அடியில் இருக்கும் மின்கடத்தும் கண்ணாடியை 40 மில்லிமோலார் டைட்டானியம் டெட்ராகுளோரைடு கரைசலில் 70 டிகிரியில் அரை மணி வைத்தால் ஓரளவு அடைபடும். டெட்ராகுளோரைடைப் பனிக்கட்டி போட்ட நீரில் சொட்டுச் சொட்டாக, புகைபோக்கிக்கு அடியில்தான் கலக்க வேண்டும், அமிலப்புகை கிளம்பும்.

கே: மின்னழுத்தம் உயர டெர்ட் பியூட்டைல் பிரிடின் கூட்டலாமா?

ப: மின்பகுளியில் 0.5 மோலார் வழக்கம். கூடக்கூட டைட்டானியம் டை ஆக்சைடின் கடத்துபட்டை (எலக்ட்ரான் போய்ச் சேரும் ஆற்றல் நிலை) மேலேறும், தாவுவதற்கான இறக்கம் குறையும், மின்னோட்டம் படுத்துவிடும். மின்பகுளியில் சேர்க்கும் லித்தியம் அயனி அதற்கு நேர் எதிர்.

கே: ஐடிஓ (இண்டியம் டின் ஆக்சைடு) பூசிய கண்ணாடி போதுமா?

ப: வேண்டாம். 450 டிகிரியில் அதன் மின்தடை எகிறும். எஃப்டிஓ (ஃபுளூரின் கலந்த டின் ஆக்சைடு) பூசியதை வாங்குங்கள்.

கே: எவ்வளவு சாயம் ஒட்டியது என்று அளப்பது எப்படி?

ப: 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் படலத்தை அமிழ்த்தினால் பிடி விட்டுச் சாயம் கரைந்து வரும். அதை நிறமாலைமானியில் அளவிடுங்கள். தெரிந்த செறிவுகளை வைத்து வரையும் ஒப்பீட்டுக் கோட்டையும் அதே காரத்தில் போடுங்கள். எத்தனாலில் போட்டால் ஒளி உறிஞ்சும் உச்சி நகர்ந்து கணக்கு தப்பும்.